தங்கவயலும் சட்டமன்றமும்

ஒருவர் சட்டமன்ற உறுப்பினராக இருந்தார் என்றால், அவரைப் பற்றி நாம் கேட்பவை பெரும்பாலும் மூன்றே. எந்தக் கட்சி? எத்தனை முறை வென்றார்? அமைச்சர் ஆனாரா? இம்மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டால் நிறைவடைந்துவிடுகிறோம். அந்த இடத்துக்கு வருமுன் அவர் செய்த தொண்டு என்ன, வந்தபின் சட்டப்படி அவர் கையில் இருந்த ஆற்றல் எவ்வளவு என்னும் இரண்டு கேள்விகள் எழுவதே இல்லை. கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவன் என்ற முறையில், அவ்விரண்டு கேள்விகளையும் என் ஊரின் உறுப்பினர்களிடம் வைத்துப் பார்க்க விரும்புகிறேன். நான் பயில்வது இயற்பியல். எடுத்த அளவு எவ்வளவு என்று சொல்லுமுன் எந்தக் கருவியால், எந்த நிலையில் எடுத்தோம் என்று குறித்துவைக்க எங்கள் ஆய்வுக்கூடத்தில் பழக்குகிறார்கள். அரசியலிலும் அந்தப் பழக்கம் கெடுதல் செய்யாது என்றே எண்ணுகிறேன்.

மன்றத்து நண்பர்களில் பலர் தங்கவயலைத் திரைப்படத்தின் வாயிலாக மட்டுமே அறிந்தவர்கள். ஆகவே ஊரைப் பற்றிச் சில சொற்கள். பங்காருப்பேட்டையிலிருந்து பிரியும் கிளை ரயில் பாதையில் கோரமண்டல், உரிகம், சாம்பியன், மாரிகுப்பம் என்று நிலையங்கள் வரிசையாக வரும். ஒவ்வொன்றும் ஒரு சுரங்கத்தையோ சுரங்கத்தைச் சுற்றி எழுந்த குடியிருப்பையோ குறிக்கும் பெயர். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் வந்தபின் வேலை சூடுபிடித்தது. வட ஆர்க்காடு, செங்கற்பட்டு, சேலம் மாவட்டங்களிலிருந்து மக்கள் சாரிசாரியாக வந்தார்கள். அவர்களுள் மிகப் பெரும்பான்மையோர் ஆதிதிராவிடர், நிலமற்றவர். குடியேற்றம் பக்கத்திலிருந்து, அதாவது நாம் இன்று குடியாத்தம் என்று சொல்லும் ஊர்ப்பக்கத்திலிருந்து, வந்தவர்களுள் என் பூட்டனாரும் ஒருவர். 1902இல் சிவசமுத்திரத்து அருவியிலிருந்து கம்பி வழியே மின்சாரம் வந்தது. சுரங்கத்தின் ஆழம் 3 கிலோமீட்டரையும் தாண்டியது. நூற்றிருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கம் மேலே வந்தது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாளோடு சுரங்கம் மூடப்பட்டது. அதற்குப்பின் பிறந்தவன் நான்.

இனி, வாக்குரிமை வருமுன் இருந்த பொதுத்தொண்டைக் காண்போம். நம் ஊர் உறுப்பினர்களின் வாழ்க்கைக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

அந்த வேர் இரு கிளையாகப் பிரிந்தது. ஒன்று, சமுதாயச் சீர்திருத்தம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மாரிகுப்பத்தில் அயோத்திதாசப் பண்டிதரைப் பின்பற்றிய பௌத்தச் சங்கம் இயங்கியது. 1907இல் பண்டிதர் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழுக்குத் தங்கவயலில் வாசகர் மிகுதி. அவர் மறைவுக்குப்பின் நின்றுபோன அவ்விதழ், 1926இல் பண்டிதர் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளிவந்தது. பகலில் பாறை குடைந்தவர்கள் இரவில் வார இதழ் படித்து விவாதித்தார்கள் என்பதை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். கல்லூரியில் இருந்துகொண்டு மாதம் ஒரு நூலைப் புரட்டவும் நேரமில்லை என்று சொல்லும் நமக்கு இது சற்றுக் கூச்சம் தரும் செய்திதான். 1954இல் டாக்டர் அம்பேத்கர் தங்கவயலுக்கு வந்தார். அவர் 1942இல் நிறுவிய ஷெட்யூல்டு வகுப்பார் கூட்டமைப்புக்கு அதற்கு முன்பே இங்கு வலுவான கிளை இருந்தது.

மற்றொன்று, தொழிற்சங்கம். 1930இல் சுரங்கத் தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவுசெய்ய முனைந்தபோது, பல்லாயிரவர் வேலைக்கு இறங்க மறுத்தனர். குற்றவாளிக்குச் செய்வதைத் தமக்கும் செய்வதா என்பதே அவர்கள் கேட்டது. 1940களில் திரு. கே. எஸ். வாசன், திரு. வி. எம். கோவிந்தன் ஆகியோரின் தலைமையில் சங்கம் வளர்ந்தது. 1946 நவம்பரில் வேலைநிறுத்தக் காலத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் அறுவர் மாண்டனர். இன்றும் நவம்பர் 4ஆம் நாளைத் தங்கவயலில் தியாகிகள் நாளாக நினைவுகூர்கிறார்கள்.

இடையே ஒரு செய்தி. மைசூர் மாநிலத்தின் முதல் முதலமைச்சர் திரு. கே. சி. ரெட்டி, தங்கவயலை அடுத்த கியாசம்பள்ளியைச் சேர்ந்தவர். 1947 முதல் 1952 வரை அப்பதவியில் இருந்தார். பின்னர் மத்திய அமைச்சராகவும் மத்தியப் பிரதேச ஆளுநராகவும் விளங்கினார். சுரங்கத்தின் நிழலிலேயே ஒரு முதலமைச்சர் தோன்றியிருக்கிறார். ஆனால் தங்கவயல் மக்கள் தம் உறுப்பினராக அனுப்பியவர்களின் வரிசை வேறு வகையானது.

1952ஆம் ஆண்டு முதல் பொதுத்தேர்தலில் தங்கவயல் இரட்டை உறுப்பினர் தொகுதியாக இருந்தது. இன்றைய மாணவர்க்கு இம்முறை தெரிந்திராது, விளக்கிவிடுகிறேன். ஒரே தொகுதிக்கு இரண்டு உறுப்பினர். இரண்டில் ஓர் இடம் தாழ்த்தப்பட்ட வகுப்பினர்க்கு ஒதுக்கப்பட்டது. வாக்காளர் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்குச் சீட்டு. இரண்டையும் ஒருவருக்கே போடுதல் கூடாது. அந்நாளில் சீட்டில் முத்திரை குத்தும் வழக்கமும் இல்லை. வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் சின்னம் ஒட்டிய தனிப்பெட்டி இருக்கும். விரும்பியவர் பெட்டியில் சீட்டை இட்டு வரவேண்டும்.

அத்தேர்தலில் தங்கவயலில் வென்ற இருவர் யார் தெரியுமா? கம்யூனிஸ்டுக் கட்சியின் திரு. கே. எஸ். வாசன், ஷெட்யூல்டு வகுப்பார் கூட்டமைப்பின் திரு. பி. எம். சுவாமிதுரை. 1957இலும் இதே பங்கீடுதான். கம்யூனிஸ்டுக் கட்சியின் திரு. எம். சி. நரசிம்மனும், கூட்டமைப்பின் திரு. சி. எம். ஆறுமுகமும் வென்றனர். இவ்விரு தேர்தல்களிலும் மாநிலம் முழுவதிலும் கம்யூனிஸ்டுக் கட்சிக்குக் கிடைத்தது ஒரே ஓர் இடம். அந்த ஓரிடம் தங்கவயல்.

மேலே சொன்ன இரு கிளைகளும் பக்கம் பக்கமாகச் சட்டமன்றத்துள் நுழைந்ததை இங்கே காண்கிறோம். சங்கத்திலிருந்து ஒருவர், சமுதாய இயக்கத்திலிருந்து ஒருவர். திரு. நரசிம்மன் வழக்கறிஞர், தொழிலாளர் வழக்குகளிலும் ஏ.ஐ.டி.யு.சி. சங்கப் பணியிலும் பேர்பெற்றவர். திரு. ஆறுமுகம் அம்பேத்கர் இயக்கத்தவர். 1957இல் வென்றவர், இருபத்தோராண்டு கழித்து 1978இலும் குடியரசுக் கட்சியின் சார்பில் தங்கவயலில் வென்றார். இருவருடைய கட்சிகளும் கொள்கையில் ஒன்றையொன்று கடுமையாக மறுப்பவை. ஆனால் வாக்களித்தவன் ஒருவனே. இது எப்படி ஒத்துப்போயிற்று என்று நான் என் தாத்தாவைக் கேட்டேன். 1957இல் அவருக்கு வயது இருபத்தொன்று, முதல் வாக்கு.

"ரெண்டு சீட்டு குடுத்தாங்க. சங்கத்து ஆளு பொட்டியில ஒண்ணு, நம்ம ஆளு பொட்டியில ஒண்ணு. இதுல யோசிக்க என்னாடா இருக்குது?" என்றார்.

நான் இதுபற்றிப் படித்த நூற்பக்கங்களைவிட இந்த விடை தெளிவானது. கூலியும் மானமும் இரண்டு தேவைகள். இரண்டு தேவைக்கு இரண்டு சீட்டு. இரட்டைத் தொகுதி முறையில் குறைகள் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. பரந்த நாட்டுப்புறத் தொகுதிகளில் பணமுள்ள பொதுவேட்பாளரின் நிழலில் ஒதுக்கீட்டு வேட்பாளர் ஒதுங்க நேர்ந்தது என்பார்கள். தங்கவயலில் அப்படி ஆகவில்லை என்பதே என் கருத்து. இங்கே இருவருமே தம் சொந்த இயக்கத்தின் வலிமையால் நின்றார்கள்.

அடுத்து, நம் இரண்டாவது கேள்வி. வென்று போனவர்கள் என்ன செய்திருக்க முடியும்?

இதற்கு விடை காண, சுரங்கம் யாருடையது என்று பார்க்கவேண்டும். 1956 நவம்பர் 29 வரை அது ஆங்கிலக் கம்பெனிகளுடையது. அன்று மைசூர் அரசு அதை எடுத்துக்கொண்டது. பெங்களூரில் விதான சௌதா கட்டி முடிந்த ஆண்டும் அதுவே. பிறகு 1962 டிசம்பரில் சுரங்கம் மத்திய அரசின் கைக்குப் போயிற்று. 1972இல் பாரத் தங்கச் சுரங்கக் கம்பெனி என்ற பெயர் பெற்றது.

இந்த ஆண்டுகளைச் சற்றுக் கூட்டிக் கழித்துப் பாருங்கள். 1952இல் சென்ற உறுப்பினர்கள், லண்டனில் தலைமை அலுவலகம் வைத்திருந்த முதலாளியைப் பற்றிப் பெங்களூரில் பேசினார்கள். 1962 டிசம்பருக்குப்பின் சென்றவர்கள், டில்லியின் சொத்தைப் பற்றிப் பெங்களூரில் பேசினார்கள். இடைப்பட்ட ஆறே ஆண்டுகள்தாம் சுரங்கத்தின் முதலாளியும் சட்டமன்றத்துக்குப் பதில் சொல்லவேண்டிய அமைச்சரும் ஒருவராக இருந்த காலம். தங்கவயல் உறுப்பினர் எழுந்து, 'இந்தச் சுரங்கத்தின் கணக்கு என்ன? இந்த லைன் வீட்டுக்குக் கூரை எப்போது?' என்று கேட்டால், விடை சொல்லும் பொறுப்புடையவர் எதிர்வரிசையிலேயே அமர்ந்திருந்தார். வரவு செலவுத் திட்டத்தில் சுரங்கத்தின் இலாப நட்டமும் வந்தது. வெட்டுத் தீர்மானம் கொடுக்க வழி இருந்தது. திரு. நரசிம்மனும் திரு. ஆறுமுகமும் உறுப்பினராயிருந்த 1957–62 காலத்தை நான் தனியே குறிப்பதன் காரணம் இதுதான்.

அப்போதும் ஆற்றலுக்கு வரம்பு உண்டு. அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் மத்தியப் பட்டியலின் 55ஆம் இனத்தைப் பார்த்தால், சுரங்கத் தொழிலாளரின் பாதுகாப்பைப் பற்றிச் சட்டம் செய்யும் உரிமை நாடாளுமன்றத்துக்கு உரியது. 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் அங்கே இயற்றப்பட்டதே. இது ஏட்டில் ஒரு வரி. நிலத்துக்கடியில் அதன் பொருள் என்ன?

இங்கே என் பாடத்துக்குச் சற்றே வருகிறேன். தங்கவயலில் தங்கம் கட்டியாகக் கிடைப்பதில்லை. படிகக்கல் என்னும் குவார்ட்சுப் பாறையின் நரம்புகளில் கண்ணுக்குப் புலப்படாத அளவில் கலந்து கிடக்கிறது. குவார்ட்சு என்பது சிலிக்கா. அதைத் துளையிட்டால் தூசி எழும். அத்தூசியில் பெரிய துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். ஒரு மில்லிமீட்டரில் இருநூற்றில் ஒரு பங்கும் அதற்குக் குறைவானவையும் நுரையீரலின் கடைசி அறைவரை சென்று படியும். படிந்த இடம் வடுவாகும்; வடு மூச்சை அடைக்கும். இதற்குச் சிலிக்கோசிஸ் என்று பெயர். பிற்காலத்தில் தங்கம் எடுக்கும் முறை எவ்வளவோ மாறியது. ஆனால் குவார்ட்சை உடைக்காமல் தங்கம் இல்லை. ஆகவே இந்நோய் அந்த மண்ணின் இயல்போடு வந்தது. தண்ணீர் பாய்ச்சித் துளையிடுதல், காற்றோட்டம் கூட்டுதல், வேலை நேரத்தைக் குறைத்தல் ஆகியவற்றால் தணிக்கலாம். 1940 முதல் 1946 வரை தங்கவயலில் 7653 தொழிலாளர்களைச் சோதித்தபோது 3402 பேருக்கு இந்நோய் இருக்கக் கண்டார்கள். நூற்றுக்கு 44 பேர்!

இத்தொகுதியின் உறுப்பினருக்கு வாக்களித்தவர்களில் எத்தனைபேர் இருமிக்கொண்டே வாக்குச்சாவடிக்கு வந்திருப்பார்கள்? அவர்களுடைய மூச்சுக்கு உரிய சட்டத்தைத் திருத்த அவரால் இயலாது. சுரங்கத்தின் முதலாளி மாநில அரசாக இருந்தபோது, முதலாளி என்ற முறையில் 'இன்னின்ன செய்க' என்று கேட்க மட்டும் இயன்றது. அந்தக் கேட்கும் இடமும் 1962 டிசம்பரில் போயிற்று.

அதே 1962இல் இன்னொன்றும் போயிற்று. இரட்டை உறுப்பினர் முறையை நாடாளுமன்றம் 1961இல் சட்டமியற்றி ஒழித்திருந்தது. 1962 தேர்தலில் வாக்காளர் கையில் ஒரே சீட்டு. சங்கமா, சமுதாயமா என்று அவர் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டியதாயிற்று. ஒரே ஆண்டில் ஊரார் ஒரு சீட்டை இழந்தார்கள். அவர்களுடைய உறுப்பினர் சுரங்கத்தைக் கேள்வி கேட்கும் உரிமையை இழந்தார். இவ்விரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையவை அல்ல. எனினும் தங்கவயலின் பிற்கால அரசியல் ஏன் அப்படி அலைந்தது என்பதற்கு இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் விடை கிடைக்காது.

எப்படி அலைந்தது? 1978இல் குடியரசுக் கட்சி. 1983இல் அ.இ.அ.தி.மு.க.வின் திரு. எம். பக்தவத்சலம். 1985இல் மார்க்சிஸ்டுக் கட்சியின் திரு. டி. எஸ். மணி. 1989இல் மீண்டும் திரு. பக்தவத்சலம். 1994இலும் 2004இலும் குடியரசுக் கட்சியின் திரு. எஸ். ராஜேந்திரன். பழைய இரண்டு பெட்டிகளுக்கும் மூன்றாவதாகச் சேர்ந்த தமிழ்நாட்டுக் கட்சிக்கும் இடையே ஊர் மாறிமாறி நடந்ததை இதில் காணலாம்.

கர்நாடகத்தில் தமிழ்நாட்டுக் கட்சிக்கு என்ன வேலை என்று ஏளனம் செய்வோர் உண்டு. நம் மன்றத்திலும் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். சங்கத்துக்காரர் கேட்டாலும் சமுதாயத் தலைவர் கேட்டாலும் 'அது டில்லியின் பொறுப்பு' என்றே விடை வந்துகொண்டிருந்த காலம் அது. சுரங்கத்தில் எடுத்த தங்கத்தை 1960களில் அரசு, அவுன்சுக்கு 35 டாலர் என்னும் உலக நாணய நிதியத்து விலைக்கே கணக்கிட்டுப் பெற்றுக்கொண்டது. கடைத்தெருவில் விலை அதைவிட மிகுதி. சுரங்கம் நட்டத்தில் நடக்கிறது என்று சொல்லப்பட்டதில் இந்த விலைக்கும் பங்குண்டு. இதைத் தட்டிக்கேட்கும் இடம் மக்களவை. அங்கே தங்கவயல், பெரிய கோலார் தொகுதியின் ஒரு மூலை. தன் கூலியைப் பற்றியும் தன் சுரங்கத்தைப் பற்றியும் பேச முடியாத உறுப்பினரை அனுப்பும் ஊர், மொழியைப் பற்றியாவது பேசட்டும் என்று எண்ணினால் அதில் வியப்பென்ன?

மொழியைப் பற்றிப் பேச்சு வந்ததால், நம்மில் பலர் அறியாத ஒரு விதியைக் குறிப்பிடுகிறேன். அரசியலமைப்பின் 210ஆம் பிரிவு, மாநிலச் சட்டமன்றத்தின் அலுவல் மாநில ஆட்சிமொழியிலோ இந்தியிலோ ஆங்கிலத்திலோ நடைபெறும் என்கிறது. ஆனால் அம்மொழிகளில் தம் கருத்தைச் செவ்வனே சொல்ல இயலாத உறுப்பினரை, அவருடைய தாய்மொழியிலேயே பேச அவைத்தலைவர் அனுமதிக்கலாம் என்றும் அதே பிரிவு கூறுகிறது. ஆகவே விதான சௌதாவில் தமிழ் ஒலிப்பதற்குச் சட்டத்தில் தடையில்லை. இந்த உரிமையைக் காட்டி நாம் கன்னடம் கற்காமல் இருந்துவிடலாம் என்று யாரும் பொருள்கொள்ள வேண்டா. அலுவலகத்தில் மனு எழுதுபவன் கன்னடத்தில் எழுதினால்தான் மேசை நகர்கிறது. என் தந்தையாரின் அனுபவம் இது.

2001க்குப் பின்னர் கதை வேறு. சுரங்கம் இல்லை, சங்கம் மெலிந்தது. 1964இல் தோன்றிய பெமல் தொழிற்சாலை ஒன்றே ஊரில் எஞ்சிய பெரிய வேலையிடம். விடியுமுன் மாரிகுப்பத்திலிருந்து கிளம்பும் ரயிலில் ஊரில் பாதி பெங்களூருக்கு வேலைக்கு வருகிறது, இருட்டியபின் திரும்புகிறது. நானும் வார இறுதியில் அவர்களுள் ஒருவன். 2008இலும் 2013இலும் பாரதீய ஜனதாக் கட்சி வென்றது. 2018இலும் 2023இலும் காங்கிரசின் திருமதி எம். ரூபகலா வென்றார். இவையெல்லாம் சுரங்கத்தின் சங்கு ஓய்ந்த பின்பு நடந்தவை.

இப்போது உறுப்பினர் கையில் என்ன இருக்கிறது? மருத்துவமனை, குடிநீர், சாலை ஆகியவை மாநிலப் பட்டியலில் உள்ளவை; பள்ளி பொதுப்பட்டியலில் உள்ளது. அவை பற்றி எல்லா ஊராரும் கேட்பதுபோல் நாமும் கேட்கிறோம். தங்கவயலுக்கே உரிய ஒன்று, சயனைடு மேடு. பாறையை மாவாக அரைத்துச் சயனைடுக் கரைசலில் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய மணல், 3 கோடி டன்னுக்கும் மேல், குன்று குன்றாக ஊருக்கு நடுவே நிற்கிறது. காற்றடிக்கும் மாதங்களில் அது துணிக்கொடியிலும் சோற்றுப் பானையிலும் இறங்கும். அந்த மணலிலும் சிறிதளவு தங்கம் உண்டு. அதை எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூன் மாதத்தில் இசைவு தந்தது. 13 மேடுகள், ஏறத்தாழ 1000 ஏக்கர்.

மாநிலத்தின் இசைவு என்னும் சொல்லைக் கவனியுங்கள். 1962இல் பெங்களூரை விட்டுப் போன பொருளில் ஒரு சிறு பகுதி இந்த இசைவின் வழியே மீண்டும் சட்டமன்றத்தின் எல்லைக்குள் வந்திருக்கிறது. மேட்டைக் கிளறும்போது எழும் தூசியை எப்படி அடக்குவார்கள்? அத்தூசியின் துகளளவு என்ன. அதை யார் அளப்பார்கள்? வேலை யாருக்கு? மேட்டின் அடியில் உள்ள லைன் வீடுகளில் குடியிருப்போர் எங்கே போவர்? இவையெல்லாம் இனிமேல் உறுப்பினர் எழுந்து கேட்கக்கூடிய கேள்விகள். எழுதிக் கொடுத்தால் கேட்பார். எழுதிக் கொடுக்க ஆள் வேண்டும். துகளளவைப் பற்றிய கேள்வியை எழுத என்னால் முடியும்.

மற்றொரு வேலையும் இருக்கிறது. 1957 முதல் 1962 வரையிலான சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளில் தங்கவயல் பற்றிய கேள்விகளையும் விடைகளையும் தொகுத்துத் தமிழில் ஒரு சிறு நூலாக்க எண்ணியிருக்கிறேன். கோடை விடுமுறையில் நூலகத்துக்குப் போகலாம். பழைய கன்னட அச்சை விரைந்து படிக்கக்கூடியவர் இருவரும், சட்டம் பயில்பவர் ஒருவரும் உடன்வந்தால் வேலை முடியும். விருப்பமுள்ள நண்பர்கள் மன்ற அறையில் வியாழக்கிழமை மாலை என்னைக் காணலாம்.